பதினாலாம் நம்பர்க் கிணறு

பேச்சுவார்த்தையின் ஏழாவது சுற்றில், எல்லாரும் இருமலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேயர் கலியமூர்த்தி அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொலைத்தார்.

"அது கெடக்கட்டும் சார். கெணத்த மூடுனா ரோடு எவ்வளவு ஒசரும்?"

அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அலையாத்தூர் மாநகராட்சி எல்லைக்குள் முப்பத்தோரு எண்ணெய்க் கிணறுகள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு, கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒன்று, பெண்கள் பள்ளி விளையாட்டு மைதானத்தில் ஒன்று என்று நாற்பது வருடமாக ஊருக்கு நடுவே இரும்பு யந்திரங்கள் குனிந்து நிமிர்ந்து எண்ணெய் உறிஞ்சிக்கொண்டிருந்தன. ஊருக்குள் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. எதை முதலில் மூடுவது, எதைக் கடைசியில் மூடுவது என்பதை மட்டும் மாநகராட்சியும் நிலமங்கை எண்ணெய் நிறுவனமும் உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தெருவில் பிள்ளைகள் அதிகம் இருமுகிறார்களோ அந்தத் தெருக் கிணற்றை முதலில் மூடலாம் என்று ஆறு சுற்றுகளில் ஒருவழியாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் முதலாவது, பதினாலாம் நம்பர்க் கிணறு.

அந்த எண்ணைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் அபயாம்பாள். மாநகராட்சியில் லெவல் பார்க்கிற சர்வேயர். எந்தத் தெரு கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம் என்பதால் எல்லாக் கூட்டத்துக்கும் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அவள் வீடு ஒன்பதாவது வார்டு உப்பளத் தெருவில், பதினாலாம் கிணற்றிலிருந்து பதினெட்டே அடி. ஏழு வயது மகள் அலர்விழிக்கு அந்தக் காற்றில் எப்போதும் மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. "கெணறு போவணும், இல்லாட்டி கொழந்தை போவணும். ரெண்டும் ஒரே எடத்துல ஆவாதும்மா" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கிணறு போகிற வழியாக இல்லை. ஆகவே அலர் மணப்பாறையில் பெரியம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. கணவன் நல்லதம்பி துபாயில் குளிர்சாதனம் பழுதுபார்க்கிறான். அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. பதினாலாம் கிணறு மூடினால் பிள்ளை வீட்டுக்கு வரும், அவ்வளவுதான் அபயாம்பாளுக்குத் தெரிந்த அரசியல்.

மேயரின் கேள்விக்கு நிறுவனத்தின் சார்பில் பேசுகிற நாச்சிமுத்து எழுந்து நின்றார். பொள்ளாச்சிக்காரர். ஏழு சுற்றிலும் ஒருமுறைகூட முடியாது என்று சொல்லாத மனிதர்.

"ரோடு மட்டுமில்லீங்க. வீடு, கோயிலு, கொடிமரம் எல்லாமே சேந்து ஒசருமுங்க."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

"நாப்பது வருசமா உறிஞ்சினதுல உங்க ஊரு ரெண்டடி, மூணடி கீழ எறங்கிப் போச்சுங்க. இப்பப் புதுசா ஒரு பசை வந்திருக்குதுங்க. கெணத்தை மூடறப்ப அதை உள்ள விட்டா, பாறைச் சந்துல போயி தோசை மாவாட்டம் பொங்குமுங்க. மேல இருக்கற நெலம் அலுங்காம எந்திரிக்கும். வீட்டுக்குள்ள ஒரு சொம்புத் தண்ணி தளும்பாதுங்க. எத்தனை அங்குலம்னு நீங்க சொன்னீங்கன்னாப் போதும்."

கவுன்சிலர்கள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள்.

அலையாத்தூர்க்காரனுக்கு உயரம் என்றால் என்ன என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தேர்தலுக்குத் தேர்தல் ரோடு போடுவார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோட்டை ஏற்றுவார்கள். ரோடு அரையடி ஏறினால் வீடு அரையடி இறங்கின மாதிரி. ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். வசதியுள்ளவன் வீட்டுக்குக் கீழே இருநூறு ஜாக்கிகளை வைத்துத் திருகி மூன்றடி தூக்கிக்கொள்வான். தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பக்கத்து வீட்டுக்காரன் வயிறெரிந்து நாலடி தூக்குவான். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பதற்கு முன்னால் வாசலில் எத்தனை படி என்று எண்ணிப் பார்க்கிற ஊர் அது. அப்பேர்ப்பட்ட ஊரில், ஜாக்கியே இல்லாமல் பூமியே ஏந்திக் கொடுக்கிறது என்றால் சும்மா விடுவார்களா?

"எங்க வார்டுக்கு நாலடி," என்றார் ஒரு கவுன்சிலர்.

"அப்ப எங்களுக்கு அஞ்சு!"

"சரிங்க," என்றார் நாச்சிமுத்து. "அதுவும் சரிங்க."

அன்றைக்குப் பிறகு இருமலைப் பற்றி யாரும் பேசவில்லை.

சிக்கல் என்னவென்றால், பசை விடும் இயந்திரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒரு கிணற்றை மூடி, நிலம் எழும்பி இறுகுவதற்கு மூன்று மாதம் ஆகும். முதலில் எழும்புகிற தெரு, அடுத்த தெருவைப் பள்ளமாக்கிவிடும். ஆகவே ஒரு வார்டும் இரண்டாவதாக இருக்கச் சம்மதிக்கவில்லை. எட்டாவது சுற்றில், முப்பத்தோரு கிணறுகளையும் ஒரே முகூர்த்தத்தில் மூட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். நாச்சிமுத்து சரிங்க என்றார். அதற்கு முப்பத்தோரு இயந்திரம் செய்ய ஒன்பது வருடம் ஆகும் என்றும் பணிவாகச் சேர்த்துச் சொன்னார். பத்தாவது சுற்றில் அடிதடியாகி மைக் உடைந்தது. பதினோராவது சுற்று முழுக்க உடைந்த மைக்கைப் பற்றியே பேசினார்கள். கிணறுகள் பாட்டுக்குக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மணப்பாறையிலிருந்து அழைப்பு வரும்.

"அம்மா, கெணத்த மூடிட்டாங்களா?"

"பேசிக்கிட்டு இருக்காங்க கண்ணு."

"என்ன பேசுறாங்க?"

"எவ்வளவு ஒசரம்னு பேசுறாங்க."

"கெணறு ஆழமாத்தானம்மா இருக்கும்? ஒசரம் எதுக்கு?"

ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரிவது ஐம்பத்திரண்டு கவுன்சிலர்களுக்குப் புரியவில்லையே என்று அபயாம்பாளுக்கு ஆத்திரமாக வந்தது. போனை வைத்துவிட்டுச் சமையலறையில் தட்டு டம்ளரையெல்லாம் சத்தம் போட்டுக் கழுவினாள்.

பன்னிரண்டாவது சுற்றுக்கு மேயர் ஒரு விருந்தாளியை அழைத்து வந்தார். வாஸ்து ஆலோசகர் மார்க்கண்டேயன். நெற்றி நிறையச் சந்தனமும் கை நிறையக் கையேடுகளுமாக வந்தவர், ஊர் வரைபடத்தை மேசைமேல் விரித்து உள்ளங்கையால் தடவிக் கொடுத்தார்.

"ஊருங்கிறது என்ன? பெரிய வீடு. வீட்டுக்கு என்ன முறையோ அதான் ஊருக்கும். தென்மேற்கு கன்னி மூலை, அது ஒசந்து இருக்கணும். வடகிழக்கு ஈசானிய மூலை, அது தாழ்ந்து இருக்கணும். கன்னி மூலையில ஆரம்பிச்சு வரிசையா மூடிக்கிட்டு வாங்க. ஊரும் செழிக்கும், சண்டையும் வராது."

சொந்த வீட்டில் வாஸ்துவுக்காகக் கழிப்பறையை இரண்டு முறை இடம் மாற்றாத கவுன்சிலர் அந்த அரங்கில் ஒருவர்கூட இல்லை. யார் எதிர்த்துப் பேசுவது? பன்னிரண்டு சுற்றில் முதல்முறையாக எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது. மேயரின் சொந்த வார்டு தென்மேற்கில் இருந்ததை எல்லாரும் கவனித்தார்கள். நாகரிகம் கருதி யாரும் வாயைத் திறக்கவில்லை.

"சரிங்க," என்றார் நாச்சிமுத்து.

அபயாம்பாள் வரைபடத்தை எட்டிப் பார்த்தாள். அலையாத்தூருக்கு வடக்கேயும் கடல், கிழக்கேயும் கடல். இரண்டும் சேருகிற முனைதான் ஒன்பதாவது வார்டு. சுத்தமான ஈசானியம். முதலாவதாக இருந்த பதினாலாம் கிணறு முப்பத்தோராவதாகப் போய் நின்றது. கிணற்றுக்கு மூன்று மாதம் என்று கணக்குப் போட்டால் ஏழே முக்கால் வருடம். பாவாடை சட்டையில் போன பிள்ளை தாவணி போடுகிற வயதில்தான் வீட்டுக்கு வரும்.

அவள் எழுந்துவிட்டாள். "ஐயா, எங்க வார்டுல புள்ளைங்க மூச்சு விட முடியாம கெடக்குதுங்க. அதுவா கடைசி?"

ஒன்பதாவது வார்டு கவுன்சிலர் அஞ்சம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா ஒக்காரு அபயம். ஈசானியம்னா சாமி மூலை. நம்ம வார்டுதான் இனிமே ஊருக்கே பூசை ரூம். கெடைக்குமா இந்தப் பேறு?"

அஞ்சம்மாளின் பேறு எட்டு நாள் நீடித்தது. ஒன்பதாம் நாள் காலையில் மாநகராட்சியின் ஜேசிபி வந்து வார்டின் பொதுக் கழிப்பறையை இடித்தது. ஈசானிய மூலையில் கழிப்பறை கூடாதாம். அஞ்சம்மாள் தலைவிரி கோலமாக அபயாம்பாள் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"பூசை ரூமுல கக்கூஸ் வைக்கலாமான்னு ஜேசிபிக்காரன் என்னையே திருப்பிக் கேக்குறான் அபயம். நான் என்னத்தச் சொல்லுவேன்? இருநூத்துப் பன்னெண்டு வீடு இருக்கே, இதுங்கள்லாம் எங்க போவும்?"

அன்றைக்குப் பதினோரு மணிக்கு, பதினாலாம் கிணற்றுக்கு எதிரே உள்ள டீக்கடையில் நாச்சிமுத்து தனியாக நின்றிருந்தார். அபயாம்பாள் நேரே போய் அவர் முன்னால் நின்றாள்.

"ஏன் சார், ஒருவாட்டி, ஒரே ஒருவாட்டி முடியாதுன்னு சொன்னா உங்க நாக்கு அழுகிடுமா?"

நாச்சிமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சொல்லக் கூடாதுங்க அம்மிணி. வேலைக்கு எடுக்கறப்பவே கம்பெனியில அதைத்தான் சொன்னாங்க. முடியாதுன்னாச் சண்டை வரும், நீங்க கோர்ட்டுக்குப் போவீங்க, கோர்ட்டு ஆறே மாசத்துல மூடச் சொல்லிப்போடும். சரின்னு சொன்னா நீங்களே பேசிக்கிட்டு இருப்பீங்க. நீங்க பேசற வரைக்கும் கெணறு ஓடுமுங்க."

"உங்களுக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

"ரெண்டு இருக்குதுங்க. பொள்ளாச்சியில. அங்க கெணத்துல தண்ணிதானுங்க வரும்." சொல்லிவிட்டு அவர் அவளைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் மனுசந்தானுங்க. ஒண்ணு சொல்லறேன், கேட்டுக்குங்க. நீங்க எதைக் கேட்டாலும் நான் சரின்னுதான் சொல்லியாகோணும். கேக்கறதை அவிங்க பாசையில கேளுங்க."

அபயாம்பாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தாள். இருமல், மூச்சு, பிள்ளை என்றெல்லாம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. இனி மூலையும் மட்டமுமாகத்தான் பேச வேண்டும். மார்க்கண்டேயன் எல்லாருக்கும் கொடுத்திருந்த கையேட்டை எடுத்துப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசி வரியில் கண் நின்றது. 'மனையின் நடுப்புள்ளி பிரம்மஸ்தானம் எனப்படும். அங்கே குழியோ கிணறோ இருப்பின் குடும்பத் தலைவருக்கு ஆகாது.' அந்த வரியை மூன்று முறை படித்தாள். ஊர் ஓரத்தில் இருக்கிற வார்டை ஊர் நடுவுக்கு எப்படி நகர்த்துவது? வார்டு நகராது. ஊரை நகர்த்தலாமே. ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்தாள்.

பதின்மூன்றாவது சுற்றில் தலையைச் சொறிந்துகொண்டு அப்பாவி மாதிரி எழுந்தாள்.

"ஐயா, மருதங்குடி மாநகராட்சி எவ்வளவு பெருசுன்னு தெரியுங்களா? எரநூத்து நாப்பது சதுர கிலோமீட்டர். நம்மளது வெறும் நூத்துப் பதினெட்டு."

மருதங்குடி பேரைக் கேட்டாலே மேயருக்கு மூக்கு விடைக்கும். "அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? நெலம் எங்க இருக்கு?"

"கடல் இருக்குங்களே. வடக்க அவ்வளவு, கெழக்க அவ்வளவு சும்மாத்தான கெடக்கு. எல்லையைக் கடல்ல தள்ளி வெச்சா நானூத்து எழுவத்திரண்டு ஆயிடும். மருதங்குடியை விட ரெண்டு மடங்கு. அது மட்டும் இல்லைங்கய்யா, கடல் வந்துட்டா ஈசானிய மூலை கடலுக்குள்ள போயிடும். நெலத்துல இருக்குற அத்தனை வார்டும் கன்னி மூலை. எல்லாரும் ஒசரம்தான், யாரும் பள்ளம் இல்லை."

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கடலை வார்டுகளாகப் பிரிப்பதா, அதில் யார் போட்டியிடுவது என்றுகூட இரண்டு பேர் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மார்க்கண்டேயன் மட்டும் புது வரைபடத்தின் மூலைக்கு மூலை கோடு இழுத்துப் பார்த்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன ஐயரே, முழிக்கிறீங்க?" என்றார் மேயர்.

"நடுப்புள்ளியில ஒரு கெணறு இருக்குங்க."

"எத்தனாம் நம்பர்?"

"பதினாலு."

"இருந்தா என்ன ஆவும்?"

"குடும்பத் தலைவருக்கு... அவ்வளவு நல்லதில்லைங்க."

"ஊருக்குக் குடும்பத் தலைவர் யாரு?" என்று கேட்டுவிட்டு மேயர் சுற்றிலும் பார்த்தார். ஐம்பத்திரண்டு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சம்மாள் வேறு உச்சுக் கொட்டினாள்.

"யோவ் நாச்சிமுத்து! அத நாளைக்கே மூடுய்யா!"

"சரிங்க," என்றார் நாச்சிமுத்து. அன்றைக்கு அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

மூன்று மாதத்தில் பதினாலாம் கிணறு மூடப்பட்டது. உப்பளத் தெரு ஒரு நாளைக்கு அரை அங்குலமாக எழும்பி மூன்றடியில் வந்து நின்றது. சொன்ன மாதிரியே ஒரு சொம்பும் தளும்பவில்லை. அலர் மணப்பாறை பஸ்ஸிலிருந்து இறங்கி, தெருமுனையில் நின்று நாய்க்குட்டி மாதிரி மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள்.

"அம்மா, நம்ம தெரு நாத்தமே காணுமே?"

அபயாம்பாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பார்த்த தெருக்காரர்களும் அழுதார்கள். அன்று சாயங்காலம் பிள்ளை தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஏழு முறை ஓடியது, ஒருமுறைகூட நின்று மூச்சு வாங்கவில்லை. தன்னைப் போல் புத்திசாலி இந்த ஜில்லாவில் கிடையாது என்று அபயாம்பாளுக்கு அப்போது தோன்றியது உண்மை.

ஈசானியம் கடலுக்குப் போய்விட்டதால், இடித்த கழிப்பறையை மாநகராட்சி திரும்பக் கட்டிக் கொடுத்தது. அதற்கு வெள்ளையடித்து முடித்த அன்று, ஈரம் காயாத அந்தச் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். பிரம்மஸ்தானத்தில் குழி மட்டுமல்ல, பாரமும் ஆகாது. சுவர், தூண், கட்டில், படுத்துறங்கும் மனிதர் எதுவும் கூடாது. திறந்த முற்றமாக விட வேண்டும். ஆகவே ஒன்பதாவது வார்டின் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களும் இருபத்தோரு நாளில் காலி செய்ய வேண்டும்.

கையேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. அபயாம்பாள் நாற்பத்தொன்றோடு நிறுத்தியிருந்தாள்.

மேயரிடம் ஓடினாள். அவர் அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டார். "நீதானம்மா கண்டுபுடிச்ச! ஊருக்கே பெரிய உபகாரம்!" யாரோ படம் எடுத்தார்கள். பொன்னாடையோடு வீட்டுக்கு வந்த அம்மாவைப் பார்த்து அலர் கைதட்டினாள்.

புது வீடுகள் தென்கிழக்கில் கட்டிக் கொடுக்கப்பட்டன. எல்லையை நீட்டியதில் உண்மையான தென்கிழக்கு கடலுக்குள் போயிருந்தது. ஆனால் தண்ணீரில் தீ நிற்காது என்பதால், நிலத்தில் எது தென்கிழக்கோ அதுவே அக்னி மூலை என்று மார்க்கண்டேயன் சொல்லிவிட்டார். அங்கே இருபத்தேழாம் கிணறு இருந்தது. அதன் உச்சியில் வாயு எரிந்துகொண்டே இருக்கும். அக்னி மூலையில் தீ அணையலாமா? அந்த ஒரு கிணற்றை மட்டும் எந்தக் காலத்திலும் மூடுவதில்லை என்று தீர்மானமாயிற்று. நாச்சிமுத்து அதற்கும் சரிங்க சொன்னார், தலை நிமிராமல்.

குடிபோன இரண்டாவது வாரமே அலருக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது.

"அனுப்பி வைடி," என்றாள் மணப்பாறை அக்கா. "புள்ளய வெச்சுக்கிட்டு என்ன வீம்பு?"

"நான் போவல," என்று அலர் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அங்கே படுத்தும் இருமினாள். அபயாம்பாள் கட்டிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, உள்ளே கையை நீட்டி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் துணிகளை இரண்டு முறை பையில் அடுக்கினாள். இரண்டு முறையும் எடுத்துக் கொடியில் போட்டாள்.

உப்பளத் தெரு இருந்த இடம் இப்போது வெறும் மைதானம். மூன்றடி உயரத்தில், இரண்டு பக்கமும் கடல்காற்று வாங்கிக்கொண்டு, புல் முளைத்துக் கிடந்தது. அலையாத்தூரிலேயே நல்ல காற்று அங்கேதான். சுற்றிலும் கம்பிவேலி. மனிதர் யாரும் உள்ளே போகக் கூடாது. நிலத்தில் பாரம் எதுவும் ஏறவில்லை என்று சான்றளிக்க லெவல் சர்வேயர் மட்டும் போகலாம்.

அபயாம்பாள் ஒரு கோப்பு எழுதி மேயரிடம் கொண்டுபோனாள். இந்த முறை எல்லாப் பக்கத்தையும் படித்திருந்தாள்.

"ஐயா, பிரம்மஸ்தானம் பாரம் தாங்காம சுத்தமா இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணும். வெறும் கண்ணால பாத்துட்டு எப்படிப் போடுறது? நாளைக்கே நெலம் ஒரு அங்குலம் எறங்கியிருந்தா உங்களுக்குத்தான ஆகாது? அதனால தினமும் ஒரு சோதனை எடையை நடுவுல வெச்சு லெவல் பாக்கணுங்க."

"பாரமே கூடாதுங்கிற எடத்துல பாரத்த வைக்கிறதா?"

"பாரம் இல்லைன்னு நிரூபிக்கத்தாங்கய்யா."

மேயர் கோப்பைப் புரட்டினார். அவர் முகத்தைப் பார்த்தால் புரிந்துவிட்ட மாதிரிதான் இருந்தது. "கருங்கல்லா?"

"கல்லு ஒரே எடத்துல கெடந்து அழுத்திடுங்க. இது இயங்கு வகை. காலையில வந்து சாயங்காலம் போயிடும்."

கோப்பில் கையெழுத்தாகியது. 'இயங்கு வகைச் சோதனை எடை, பத்தொன்பது கிலோ, ஒன்று.' மறுநாள் காலை அபயாம்பாள் வேலியைத் திறந்து, லெவல் மிஷினை ஓரமாக நிறுத்திவிட்டு, எடையை உள்ளே விட்டாள். எடை ஒரு கணம் திகைத்து நின்றது, பிறகு கத்திக்கொண்டே புல்லில் ஓடியது.

மூன்றாம் நாள் அஞ்சம்மாள் வந்தாள். ஓட்டுப் போட ஒரு ஆளும் இல்லாத வார்டுக்கு அவள் இன்னும் கவுன்சிலராகத்தான் இருந்தாள். "என் மவன் புள்ள பதினாறு கிலோ இருப்பான் அபயம். ராவும் பகலும் இருமுறான். அவனையும் சேத்துக்கறியா?"

மாதக் கடைசியில் பிரம்மஸ்தானத்தில் முப்பத்தேழு சோதனை எடைகள் இருந்தன. அவற்றுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஐம்பத்தெட்டு கிலோவில் ஒரு எடையும் வந்தது, கையில் சாக்பீஸோடு. மூடிய கிணற்றைப் பார்வையிட வந்த நாச்சிமுத்து வேலிக்கு வெளியே வெகுநேரம் நின்றார்.

"இதெல்லாம் என்னங்க அம்மிணி?"

"சோதனை எடை சார்."

நாச்சிமுத்து தலையாட்டினார். "வெயில்ல காஞ்சா எடை கொறைஞ்சு போகுமுங்களே. கம்பெனி செலவுல ஒரு பந்தல் போடச் சொல்லறேன். தூண் ஊனக் கூடாதுன்னாங்கன்னா, வேலியில கட்டித் துணி இழுத்துக்கலாமுங்க." பதிவேட்டை வாங்கி, நிறுவனத்தின் சார்பில் நேரில் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரும் எதுவும் கேட்காமலே அவர் ஒன்றைச் செய்தது அதுதான் முதல் தடவை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வருடக் கடைசியில் தணிக்கையில் மாட்டியது. தலைநகரிலிருந்து வந்த தணிக்கையாளர், அலையாத்தூரை வாழ்க்கையில் பார்த்திராதவர், பதிவேட்டை வரி வரியாகப் படித்திருக்கிறார். அவருடைய கேள்வி சிவப்பு மையில் அபயாம்பாளின் மேசைக்கு வந்தது. 'சோதனை எடை எண் ஒன்று, வருடத் தொடக்கத்தில் பத்தொன்பது கிலோ. தற்போது இருபத்து மூன்றரை கிலோ. தர நிர்ணயம் செய்யப்பட்ட எடை கூடியதற்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்.'

அபயாம்பாள் மூன்று நாளும் யோசித்தாள். ஈரப்பதம் என்று எழுதலாமா, கடல் உப்புப் படிந்தது என்று எழுதலாமா? கடைசியில் பேனாவை எடுத்து, சிவப்பு மைக்குக் கீழே நீல மையில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினாள்.

'இப்போது அது மூச்சு விடுகிறது.'